மாகாண முதல்வர் விலகும்போது மக்களின் கோபம் எந்த வழியாகப் போகிறது?

கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் 2021 குடிசனக் கணக்கெடுப்பின்படி 42 இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். அதன் முதல்வராக இருந்த ஜேசன் கெனியின் அரசியல் விதியை 2022 மே 18 அன்று முடிவுசெய்தவர்கள் 34,298 பேர். ஐக்கிய பழமைவாதக் கட்சியின் உறுப்பினர்களாக இருந்து, தபாலில் வந்த வாக்குச்சீட்டை நிரப்பித் திருப்பி அனுப்பியவர்கள் அவர்கள். 17,638 பேர் அவர் தொடரலாம் என்றார்கள், 16,660 பேர் வேண்டாம் என்றார்கள். அதாவது 51.4 சதவீதம். கட்சி விதிப்படி அவர் வென்றுவிட்டார். ஆனாலும் அன்றிரவே, இந்த ஆதரவு போதாது, தலைமையை விட்டு விலகுகிறேன் என்று அறிவித்தார்.

கோவிட் கட்டுப்பாடுகள் பற்றி அந்த மாகாணத்தில் இரண்டு ஆண்டுகளாகச் சண்டை நடந்தது. கட்டுப்பாடு அதிகம் என்று ஒரு கூட்டம், போதாது என்று இன்னொரு கூட்டம். இரண்டு பக்கமும் கோபம் இருந்தது. வீதியில் இறங்கியவர்கள், வானொலிக்குத் தொலைபேசி எடுத்தவர்கள், முகநூலில் எழுதியவர்கள் இலட்சக்கணக்கானோர். ஆனால் அந்தக் கோபத்தில் முதல்வரை அசைத்த பங்கு, உறுப்பினர் பட்டியலுக்குள் நுழைந்திருந்த பங்கு மட்டுமே. கனடாவில் ஒரு மாகாணத் தலைவர் விலகும் ஒவ்வொரு முறையும் இதைத்தான் பார்க்கிறோம். மக்களின் எதிர்வினை நேரடியாகப் போய் நாற்காலியைத் தொடுவதில்லை. சட்டமன்ற உறுப்பினர்கள், கட்சி உறுப்பினர்கள், இடைத்தேர்தல் ஆகிய வாசல்களின் வழியாகத்தான் போகிறது. எந்த வாசல் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று தெரிந்தவர்களின் குரலே எடை பெறுகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். "பதவி விலகினார்" என்று செய்தியில் ஒரே சொல்லாக வருவது உண்மையில் இரண்டு பதவிகளைப் பற்றியது. ஒன்று கட்சித் தலைமை. அது கட்சியின் யாப்புப்படி கிடைப்பது, கட்சிக்குள்ளேயே முடிவது. மற்றது மாகாண முதல்வர் பதவி. அது மாகாணத்தில் அரசரின் பிரதிநிதியான துணைநிலை ஆளுநரிடமிருந்து வருவது, அவரிடமே திருப்பிக் கொடுக்கப்படுவது. கெனி மே மாதம் விலகுவதாக அறிவித்தாலும் அக்டோபர் 11 அன்று டானியெல் ஸ்மித் பதவியேற்கும் வரை அவரே முதல்வர். முன்பு அதே மாகாணத்தின் முதல்வராக இருந்த அலிசன் ரெட்ஃபோர்ட் 2014 மார்ச் 19 அன்று அறிவித்து நான்கே நாளில், மார்ச் 23 அன்று, இரண்டையும் விட்டார். அதனால் அல்பேர்ட்டாவுக்கு டேவ் ஹான்கொக் என்ற இடைக்கால முதல்வர் தேவைப்பட்டார். முதல்வர் போனால் தேர்தல் வைத்தே ஆகவேண்டும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். அப்படி எந்த விதியும் இல்லை. சட்டமன்றத்தின் நம்பிக்கை யாருக்கு இருக்கிறதோ அவரைத் துணைநிலை ஆளுநர் அழைப்பார். வருபவர் அந்த நேரத்தில் சட்டமன்ற உறுப்பினராகக்கூட இருக்கத் தேவையில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் கிறிஸ்ரி கிளார்க் 2011 மார்ச் 14 அன்று முதல்வரானார். பொதுத்தேர்தல் வந்தது 2013 மே 14 அன்று. முழுதாக 26 மாதங்கள், மாகாண மக்கள் வாக்களிக்காத ஒரு முதல்வரின் ஆட்சி. இது சட்டப்படி முற்றிலும் சரி. பலருக்கு எரிச்சல் வருவதும் இங்கேதான்.

முதல் வாசல்: கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்கள்

கனடா அரசியலில் கோக்கஸ் என்று சொல்லப்படும், கதவு மூடிய உறுப்பினர் கூட்டம்தான் மிக வேகமான வாசல். ரெட்ஃபோர்டின் கடைசி வாரத்தை நாள் நாளாகப் பார்த்தால் இது விளங்கும்.

நெல்சன் மண்டேலாவின் இறுதி நிகழ்வுக்கு அவர் 2013 டிசம்பரில் தென்னாபிரிக்கா போய்வந்த செலவு ஏறத்தாழ 45,000 டொலர். ஒரு மாகாண வரவு செலவுத்திட்டத்தில் இது கண்ணுக்கே தெரியாத தொகை. ஆனால் சாதாரண வாக்காளர் பில்லியன்களை மனதில் பிடித்துவைப்பதில்லை, ஒரு விமானச் சீட்டின் விலையைப் பிடித்துவைப்பார். 45,000 டொலர் என்பது ஒருவரின் ஓராண்டுச் சம்பளத்துக்கு நெருங்கியது என்று அவருக்கு உடனே தெரிகிறது. வாரக்கணக்கில் மறுத்துவிட்டு, மார்ச் 12 அன்று ரெட்ஃபோர்ட் அந்தப் பணத்தைத் திருப்பிக் கட்டினார். அதோடு அடங்கும் என்று அவருடைய அலுவலகம் எதிர்பார்த்திருக்கலாம். மறுநாள், வியாழக்கிழமை, லென் வெபர் என்ற உறுப்பினர் கட்சியின் சட்டமன்றக் குழுவை விட்டு வெளியேறினார். வார இறுதி வந்தது. உறுப்பினர்கள் தொகுதிக்குப் போனார்கள். திங்கட்கிழமை, 17ஆம் தேதி, டொனா கெனடி கிளான்ஸ் வெளியேறினார். புதன்கிழமை முதல்வர் விலகினார்.

ரெட்ஃபோர்டின் முற்போக்குப் பழமைவாதக் கட்சி 2012 தேர்தலில் 87 இடங்களில் 61 இடங்களைப் பிடித்த கட்சி. இரண்டு பேர் போவதால் ஆட்சி கவிழாது. பிறகு ஏன் விழுந்தார்? அந்த இருவர் ஒரு எண்ணிக்கையாக முக்கியமில்லை, மற்றவர்களுக்குக் கொடுத்த துணிச்சலாகத்தான் முக்கியம். ஒவ்வொரு உறுப்பினரும் தன் தொகுதி அலுவலகத்தில் என்ன கேட்டார் என்பதை அதுவரை தனக்குள்ளேயே வைத்திருந்தார். ஒருவர் வெளியில் சொன்னதும், தன்னிடம் மட்டும் வந்த முறைப்பாடு என்று நினைத்தது எல்லாரிடமும் வந்தது என்று தெரிந்துவிடுகிறது. தலைவர் விலகல்களில் வார இறுதி இவ்வளவு அடிக்கடி திருப்புமுனையாக இருப்பதற்குக் காரணம் இதுதான். வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகும் உறுப்பினர் திங்கட்கிழமை வேறு ஆளாகத் திரும்புகிறார்.

ஆகவே தொகுதி அலுவலகத்துக்குப் போகும் செய்திக்கு உண்மையான பலன் உண்டு, அது சரியான வடிவில் போனால். ஒரே வாசகத்தில் ஆயிரம் பேர் அனுப்பும் மின்னஞ்சலை அலுவலக ஊழியர் ஒரே விடயமாகத் தொகுத்து, எண்ணிக்கையை மட்டும் குறிப்பார். சொந்த வார்த்தையில் எழுதிய பத்துக் கடிதங்கள் தனித்தனியாக வாசிக்கப்படும். முதலில் அவர்கள் பார்ப்பது அஞ்சல் குறியீட்டை. ஸ்காபரோவில் இருந்துகொண்டு மிசிசாகா உறுப்பினருக்கு எழுதினால் அந்தக் கடிதம் அவருடைய கணக்கில் வராது. முகவரியையும் அஞ்சல் குறியீட்டையும் முதல் வரியிலேயே போட்டு, ஒரே ஒரு கோரிக்கையை மட்டும் வைத்து, அரைப்பக்கத்துக்குள் முடிப்பது நல்லது. அதைவிட நல்லது வெள்ளிக்கிழமைக்கு நேரம் கேட்டு நேரில் போவது. சட்டமன்றம் கூடும் காலத்தில் பெரும்பாலான உறுப்பினர்கள் தொகுதியில் இருக்கும் வேலை நாள் அதுதான்.

இரண்டாவது வாசல்: தலைமைத்துவ மீளாய்வு

பெரும்பாலான கட்சிகளின் யாப்பில் குறிப்பிட்ட கால இடைவெளியில், அல்லது தேர்தலில் தோற்ற பிறகு, தலைவர் தொடரலாமா என்று உறுப்பினர்களிடமோ பேராளர்களிடமோ கேட்கும் வாக்கெடுப்பு உண்டு. எழுதப்பட்ட விதியில் பாதிக்கு மேல் ஒரு வாக்குக் கிடைத்தால் போதும். எழுதப்படாத விதி வேறு. 2006 இல் அல்பேர்ட்டா முதல்வர் ரால்ஃப் கிளைன் 55.4 சதவீதம் பெற்றார். நான்கு பொதுத்தேர்தல்களில் வென்ற மனிதர், திட்டமிட்டதைவிட முன்னதாகவே போக நேர்ந்தது. 2025 செப்டம்பர் 14 அன்று ஒன்ராறியோ லிபரல் தலைவர் பொனி குரொம்பிக்கு 57 சதவீதம் கிடைத்தது. தொடர்வேன் என்று மேடையில் சொன்னவர், சில மணி நேரத்துக்குள், அடுத்த தலைவர் தெரிவானதும் விலகுவேன் என்றார். அந்த ஆண்டு பெப்ரவரித் தேர்தலில் கட்சிக்கு 14 இடங்கள் கிடைத்து, சட்டமன்றத்தில் அதிகாரபூர்வக் கட்சி என்ற அந்தஸ்தும் திரும்பியிருந்தது. ஆனால் அவர் தன் சொந்தத் தொகுதியில் தோற்றிருந்தார்.

சரி, அறுபதைத் தாண்டினால் பாதுகாப்பா? அதுவும் இல்லை. கிளைனுக்குப் பின் வந்த முதல்வர் எட் ஸ்டெல்மாக்குக்கு 2009 நவம்பரில் 77.4 சதவீதம். 2011 ஜனவரியில் விலகலை அறிவித்தார். ரெட்ஃபோர்டுக்கு 2013 நவம்பரில் 77 சதவீதம். நான்கு மாதத்தில் போய்விட்டார். பிரிட்டிஷ் கொலம்பியா பழமைவாதக் கட்சியின் ஜோன் ரஸ்டாட் 2025 செப்டம்பரில் 70 சதவீதத்துக்கு மேல் பெற்று, டிசம்பர் தொடக்கத்தில் விலகினார். மீளாய்வு என்பது அன்றைய நாளின் வெப்பநிலை. அதுவும் மண்டபத்துக்கு வருவதற்குப் பணமும் நேரமும் உள்ளவர்களின் வெப்பநிலை. கெனியின் மீளாய்வு ரெட் டியர் நகரில் நேரடி வாக்கெடுப்பாக நடப்பதாகத்தான் இருந்தது. பதிவுசெய்தவர்களின் தொகை 15,000 ஐ எட்டியபோது தபால் வாக்கெடுப்பாக மாற்றினார்கள். எந்த முறையில் வாக்களிப்பது என்பதே முடிவை மாற்றக்கூடியது என்பதால் இரண்டு தரப்பும் அதைப் பற்றி வாரக்கணக்கில் சண்டை பிடித்தன. வாக்கெடுப்பு நடக்கும் முறை பற்றிய செய்திகளைச் சலிப்பாக நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள். பல நேரம் முடிவு அங்கேயே எழுதப்படுகிறது.

மக்கள் நேரடியாகக் கைவைத்த ஒரு தடவை

மேலே சொன்ன வாசல்களைச் சுற்றிக்கொண்டு மக்கள் தாமே சட்டத்தைப் பயன்படுத்தி ஒரு முதல்வரைத் தள்ளிய நிகழ்ச்சி பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடந்தது. கோர்டன் காம்பெல் 2009 மே மாதம் மூன்றாவது முறையாக வென்றார். எச்.எஸ்.ரி. என்ற ஒருங்கிணைந்த விற்பனை வரி பற்றி எண்ணமில்லை என்று தேர்தலுக்கு முன் உணவகச் சங்கத்துக்கு அவருடைய கட்சி எழுத்தில் பதில் கொடுத்திருந்தது. ஜூலை 23 அன்று அதே வரி வருகிறது என்று அறிவித்தார். 2010 ஜூலை முதலாம் தேதி 12 சதவீதத்தில் நடைமுறைக்கு வந்தது. பல பொருட்களுக்கு முன்பும் மத்திய அரசின் 5 உம் மாகாணத்தின் 7 உம் சேர்ந்து 12 தான். ஆனால் உணவகச் சாப்பாட்டுக்கு அதுவரை 5 சதவீதம் மட்டும். 20 டொலர் சாப்பாட்டுக்கு 1 டொலர் கட்டியவர் அந்த நாளிலிருந்து 2 டொலர் 40 சதம் கட்டினார். கடைச் சிட்டையில் ஒவ்வொரு நாளும் கண்ணில் படும் கோபம் இது. பத்திரிகையில் வாசித்து மறந்துபோகும் கோபத்தைப் போல ஆறவே ஆறாது.

அந்த மாகாணத்தில் மக்கள் முன்மொழிவுச் சட்டம் ஒன்று இருக்கிறது. 90 நாட்களுக்குள், அப்போதிருந்த 85 தொகுதிகள் ஒவ்வொன்றிலும், பதிவுசெய்த வாக்காளரில் 10 சதவீதத்தினரின் கையெழுத்து வேண்டும். ஒரு தொகுதியில் குறைந்தாலும் முழுவதும் செல்லாது. வன்கூவரில் மட்டும் இலட்சக்கணக்கில் சேர்த்துப் பயனில்லை, வடக்கே ஆளில்லா மலைத் தொகுதியிலும் சேர்க்க வேண்டும். முன்னாள் முதல்வர் பில் வான்டர் சால்ம் தலைமையில் 557,383 செல்லுபடியான கையெழுத்துகள் சேர்ந்தன. அந்தச் சட்டத்தின்கீழ் வெற்றிபெற்ற ஒரே முயற்சி இதுதான். இலையுதிர் காலத்தில் ஒரு கருத்துக்கணிப்பு காம்பெலின் ஆதரவை 9 சதவீதம் என்று காட்டியது. அக்டோபர் இறுதியில் வருமான வரியில் 15 சதவீதக் குறைப்பை அறிவித்துப் பார்த்தார். ஒரு வாரத்தில், நவம்பர் 3 அன்று, விலகினார். பின்னர் அந்த வரிக்குறைப்பும் கைவிடப்பட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்கு மிக முக்கியமான பாடம். காம்பெல் போனதும் கட்சியின் மீதான கோபம் தணிந்தது. கிளார்க் தலைமையில் கட்சி நிமிர்ந்தது. 2013 இல் கருத்துக்கணிப்புகள் எல்லாம் தோற்கும் என்று சொன்ன நிலையில் வெற்றியும் பெற்றது. ஆனால் வரியின் மீதான கோபம் தணியவே இல்லை. விகிதத்தை 12 இலிருந்து 10 ஆகக் குறைப்போம் என்று கிளார்க் வாக்குறுதி கொடுத்த பிறகும் 2011 தபால் வாக்கெடுப்பில் 54.73 சதவீதத்தினர் வரியை நீக்கும்படி வாக்களித்தார்கள். ஆள்மீதான கோபத்தை விலகல் எடுத்துக்கொண்டு போகும், விடயத்தின்மீதான கோபம் அங்கேயே கிடக்கும். ஒரு தலைவர் விலகும்போது மக்கள் எதற்காகக் கோபப்பட்டார்கள் என்று பிரித்துப் பாருங்கள். கட்சி தப்புமா இல்லையா என்பதைப் பாதி ஊகிக்கலாம்.

விலகலோடு சட்டமன்றக் கதவையும் பூட்டினால்

ஒன்ராறியோவில் லிபரல் முதல்வர் டால்ட்டன் மக்கின்ரி 2012 அக்டோபர் 15 அன்று விலகலை அறிவித்தபோது, அதே மூச்சில் சட்டமன்றத்தையும் ஒத்திவைத்தார். ஓக்வில், மிசிசாகா எரிவாயு மின்நிலையங்களைக் கைவிட்டதன் செலவை எதிர்க்கட்சிகள் தோண்டிக்கொண்டிருந்த நேரம். 107 இடங்களில் 53 மட்டும் வைத்திருந்த சிறுபான்மை அரசு. செப்டம்பரில் கிச்சனர் வாட்டர்லூ இடைத்தேர்தலில் தோற்று, பெரும்பான்மைக்கான கடைசி வாய்ப்பையும் இழந்திருந்தது. ஒத்திவைப்பு என்பது விடுமுறை மாதிரி இல்லை. அந்தக் கூட்டத்தொடரே முடிந்துவிடுகிறது. நிலுவையில் உள்ள மசோதாக்கள் செத்துப்போகும், குழுக்கள் கலையும், கேள்வி நேரம் இருக்காது. பெப்ரவரி 19 வரை நான்கு மாதங்கள், ஒன்ராறியோ சட்டமன்றம் இருக்கும் குயின்ஸ் பார்க்கில் யாரும் யாரையும் கேள்வி கேட்க முடியவில்லை. அன்று மக்களிடம் எழுந்த எதிர்வினை விலகலைப் பற்றியதாக இருக்கவில்லை, பூட்டைப் பற்றியதாக இருந்தது. 2013 ஜனவரி 26 அன்று ரொறன்ரோவின் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் கட்டடத்துக்குள் லிபரல் கட்சியின் பேராளர்கள் கத்லீன் வின்னைப் புதிய தலைவராகத் தெரிவுசெய்தபோது, வெளியே குளிரில் ஆசிரியர்களும் தொழிற்சங்கத்தினரும் ஆயிரக்கணக்கில் நின்று குரல் கொடுத்தார்கள். பின்னர் வந்த கணக்காய்வாளரின் அறிக்கைகள் மிசிசாகாவுக்கு 275 மில்லியன் டொலர், ஓக்வில்லுக்கு 675 மில்லியன் டொலர் என்று கணக்குச் சொன்னன. நான்கு மாதப் பூட்டு எதையும் மறைக்கவில்லை, சந்தேகத்தைத்தான் கூட்டியது.

ஒரே இரவில் முடிந்தது

2018 ஜனவரி 24 இரவு நடந்தது இதற்கு நேர்மாறானது. ஒன்ராறியோ முற்போக்குப் பழமைவாதக் கட்சித் தலைவர் பற்றிக் பிரவுன் இரவு பத்து மணிக்குச் சற்று முன் நிருபர்களை அழைத்து, தன்மீது வரவிருக்கும் பாலியல் முறைகேட்டுக் குற்றச்சாட்டுகளை மறுத்தார். சில நிமிடங்களில் அந்தத் தொலைக்காட்சிச் செய்தி ஒளிபரப்பானது. அவருடைய முக்கிய ஆலோசகர்கள் அதற்குள்ளேயே விலகிவிட்டார்கள். சட்டமன்ற உறுப்பினர்கள் தொலைபேசியில் கூடினார்கள். நள்ளிரவு தாண்டி 1.30 மணியளவில் அவர் விலகினார். குற்றச்சாட்டுகளைத் தொடர்ந்து மறுத்தார், வழக்குத் தொடுத்தார். 2022 இல் அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. மக்கள் காலையில் எழுந்து கோப்பி குடிக்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. இங்கே பொதுமக்களின் எதிர்வினை ஒரு காரணமாகவே இல்லை. எதிர்வினை எப்படி இருக்கும் என்று உறுப்பினர்கள் போட்ட கணக்குத்தான் காரணம். தேர்தலுக்கு நாலரை மாதம்கூட இருக்கவில்லை.

தமிழர்களிடையே பிரவுன் நன்கு அறிமுகமானவர். ரொறன்ரோப் பெரும்பாகத்தில் தமிழ் நிகழ்வுகளில் அடிக்கடி கண்ட முகம். அன்றைய எதிர்வினை நம்மவரிடையே இரண்டாகப் பிரிந்தது. முறையிட்ட பெண்களை முதலில் கேட்க வேண்டும் என்றவர்கள் ஒருபுறம், விசாரணை இல்லாமல் ஒரே இரவில் ஆளை அகற்றியது சரியில்லை என்றவர்கள் மறுபுறம். இரண்டும் நேர்மையான நிலைப்பாடுகளே. ஆனால் இந்த விவாதத்தில் மூழ்கிய பலர் நாட்காட்டியைப் பார்க்க மறந்தார்கள். அடுத்த தலைவரைத் தெரிவுசெய்யும் உரிமைக்கு உறுப்பினராகச் சேரக் கடைசி நாள் பெப்ரவரி 16. விலகலிலிருந்து 22 நாட்கள்.

மூன்றாவது வாசல்: அடுத்தவரைத் தெரிவுசெய்தல்

வாசல்களில் மிக அகலமானது இதுதான், ஆனால் மிகக் குறுகிய காலமே திறந்திருக்கும். கட்சி உறுப்பினராக 14 வயது போதும். கட்டணம் பெரும்பாலும் 10 டொலரை ஒட்டியது. பல கட்சிகளில் குடியுரிமைகூடத் தேவையில்லை, நிரந்தர வதிவுரிமை போதும். பொதுத்தேர்தலில் வாக்களிக்க முடியாத ஒருவர் முதல்வரைத் தெரிவுசெய்யும் வாக்கெடுப்பில் பங்கெடுக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஒன்ராறியோ முற்போக்குப் பழமைவாதக் கட்சி 2018 இல் பயன்படுத்திய முறையில் தொகுதிக்கு 100 புள்ளிகள். ஒரு தொகுதியில் 2,000 பேர் வாக்களித்து, ஒருவருக்கு 1,200 உம் மற்றவருக்கு 800 உம் கிடைத்தால் புள்ளிகள் 60, 40. இன்னொரு தொகுதியில் 120 பேர்தான் வாக்களித்தார்கள், 36 உம் 84 உம் என்றால் புள்ளிகள் 30, 70. கூட்டிப் பாருங்கள். 1,236 வாக்குப் பெற்றவருக்கு 90 புள்ளி, 884 வாக்குப் பெற்றவருக்கு 110 புள்ளி. வாக்களித்தோர் 100 க்கும் குறைந்த தொகுதியில் ஒரு வாக்குக்கு ஒரு புள்ளி மட்டும். 124 தொகுதிகளுக்கு 12,400 புள்ளிகள் இருக்க வேண்டிய இடத்தில் மொத்தம் ஏறத்தாழ 12,250 மட்டுமே வந்தது அதனால்தான். இறுதிச் சுற்றில் டக் ஃபோர்ட் 6,202 பெற்று வென்றார், கிறிஸ்ரின் எலியட் 6,049. ஏறத்தாழ 150 புள்ளி வித்தியாசம். மொத்த வாக்குகளில் எலியட் முன்னிலையில் இருந்தார். உறுப்பினர் குறைந்த ஒரு தொகுதியில் உள்ள உங்கள் உறவினரின் வாக்கு, மார்க்கம் நகரில் உள்ள உங்கள் வாக்கைவிடப் பத்து மடங்கு எடை கொண்டதாக இருக்கலாம்.

வாக்குச்சீட்டு விருப்ப வரிசையில் நிரப்புவது. கடைசியில் நிற்பவர் நீக்கப்பட்டு அவருடைய வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். டானியெல் ஸ்மித் வெல்ல ஆறு சுற்று வேண்டியிருந்தது. ஒரே பெயரை எழுதிவிட்டு நிறுத்துபவரின் வாக்கு, அந்தப் பெயர் நீக்கப்பட்டதும் கணக்கிலிருந்தே போய்விடும். நம் ஆளைத் தவிர யாருக்கும் போடமாட்டேன் என்ற பிடிவாதம் இந்த முறையில் யாருக்கும் உதவாது.

2018 இல் எங்கே பிழைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். வாக்களிப்பு இணையத்தில். சரிபார்ப்புக் குறியீடு ஒன்று தபாலில் வரும், அதை உள்ளிட்டு அடையாள ஆவணத்தைப் பதிவேற்றினால்தான் வாக்களிக்கும் இலக்கம் கிடைக்கும். ஏறத்தாழ 190,000 உறுப்பினர்கள் தகுதி பெற்றிருந்தும் வாக்களித்தவர்கள் 64,000 பேரளவில்தான். பலருக்குக் கடிதம் நேரத்துக்கு வரவில்லை. காலக்கெடு நீடிக்கப்பட்டது, நீதிமன்றம்வரை போனது, மார்ச் 10 அன்று மார்க்கம் நகரில் மணிக்கணக்காகக் காத்திருந்த ஆதரவாளர்களை முடிவு தெரியாமலே வீட்டுக்கு அனுப்பினார்கள். நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தகப்பன் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்பது படிவத்தில் ஒரு மாதிரியும் சாரதி அனுமதிப்பத்திரத்தில் வேறு மாதிரியும் இருக்கும். நீண்ட பெயரின் வால் வெட்டுப்பட்டிருக்கும். வீட்டில் ஐந்து பேருக்கு ஒரே மின்னஞ்சல் முகவரி கொடுத்திருப்பார்கள், வாக்களிக்கும் இலக்கம் ஒருவருக்குத்தான் போகும். யாரோ ஒருவர் எல்லாருக்குமாகத் தன் கடனட்டையில் கட்டணம் கட்டியிருப்பார். கட்டணத்தை உறுப்பினரே கட்ட வேண்டும் என்ற விதி உள்ள கட்சியில் அந்த அட்டைகள் மொத்தமாக நீக்கப்படலாம். ஒவ்வொருவரும் அனுமதிப்பத்திரத்தில் உள்ள எழுத்தை அப்படியே படிவத்தில் எழுதி, தனி மின்னஞ்சலோடு, தன் பணத்தில், கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே சேர்வதுதான் ஒரே பரிகாரம்.

விலகலுக்கு அடுத்த வாரம் வரும் கருத்துக்கணிப்பு

அதை நம்பி யாரும் முடிவெடுக்க வேண்டாம் என்பது எமது உறுதியான கருத்து. தலைவர் பெயரே தெரியாத கட்சிக்கு வாக்களிப்பீர்களா என்று கேட்கும்போது ஒவ்வொருவரும் தான் விரும்பும் தலைவரைக் கற்பனை செய்துகொண்டு பதில் சொல்கிறார். இன்னொன்று, 1,000 பேரிடம் கேட்டால் பிழை வரம்பு ஏறத்தாழ 3 புள்ளி. அதில் ரொறன்ரோவைச் சூழ்ந்த நகரங்களில் வசிப்பவர்கள் 150 பேர் என்றால் அந்தப் பகுதிக்கான பிழை வரம்பு 8 புள்ளி. 38 சதவீதம் என்று போட்டிருப்பது 30 ஆகவும் இருக்கலாம், 46 ஆகவும் இருக்கலாம். பத்திரிகைத் தலைப்பு அந்தப் பகுதி எண்ணை வைத்துத்தான் பெரும்பாலும் எழுதப்படுகிறது.

நம்பக்கூடிய முதல் அளவுகோல் இடைத்தேர்தல் என்று சொல்லலாம், அதிலும் எச்சரிக்கை வேண்டும். ஒன்ராறியோவில் ஒரு இடம் காலியானால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் அறிவிக்கப்பட வேண்டும். மக்கின்ரி இடத்தையும் விட்ட பிறகு 2013 ஆகஸ்ட் முதலாம் தேதி ஐந்து தொகுதிகளில் ஒரே நாளில் வாக்களிப்பு நடந்தது. லிபரல்கள் ஒட்டாவா தெற்கையும் ஸ்காபரோ கில்ட்வூட்டையும் காப்பாற்றி, மூன்றை இழந்தார்கள். அழிவு தொடங்கிவிட்டது என்று எழுதினார்கள். அடுத்த ஜூனில் வின் 58 இடங்களுடன் பெரும்பான்மை பெற்றார். அல்பேர்ட்டாவில் எதிர்ப்பக்கமாக நடந்தது. ரெட்ஃபோர்டுக்குப் பின் வந்த ஜிம் பிரென்ரிஸ் 2014 அக்டோபர் 27 அன்று நான்கு இடைத்தேர்தல்களையும் வென்றார். டிசம்பரில் எதிர்க்கட்சியான வைல்ட்ரோஸின் தலைவரே எட்டு உறுப்பினர்களுடன் அவருடைய பக்கம் வந்தார். 2015 மே 5 அன்று, முற்போக்குப் பழமைவாதக் கட்சியின் 44 ஆண்டுகால ஆட்சி வீழ்ந்தது. ரேச்சல் நொட்லியின் புதிய சனநாயகக் கட்சி 87 இல் 54 இடங்களைப் பிடித்தது. பிரென்ரிஸ் தன் கல்கரித் தொகுதியில் வென்றிருந்தும் அன்றிரவே கட்சித் தலைமையோடு அந்த இடத்தையும் விட்டார். சில மணி நேரத்துக்கு முன் அவருக்கு வாக்களித்துவிட்டு வீடு திரும்பியவர்கள், இன்னொரு முறை வாக்குச்சாவடிக்குப் போக வேண்டியிருந்தது.